இறுவட்டுக்குள் மாட்டிக்கொண்ட கூத்து

"சிடி போடுற இடமே இல்லாத லெப்டொப்ப தூக்கிட்டு வந்து சிடி கேக்கிறீங்களேடா தம்பி" என்று ஸ்டூடியோ அண்ணன் சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். நாங்கள் 4 பேர், 3 லெப்டொப். ஒன்றில்கூட இறுவட்டு டிரைவ் கிடையாது. அண்ணன் கடையை மூடப்போகிறார். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சங்கக் கூட்டம் என்று 20 வருஷமாக எடுத்ததில் மிஞ்சியது ஒரு பழைய ஹாட்டிஸ்க்கும் பிஸ்கட் டின்னில் அடுக்கிய 58 வட்டுகளும். "வித்தா யாரு வாங்கப் போறா? உங்க தோட்டத்து காமன் கூத்து 2 வருஷத்தோடது இதுல கிடக்கு. கொண்டு போங்க" என்றார்.

அந்த டின்னோடு றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, மழையில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே ஒரு கருத்தும் இருக்கிறது: மலையகத்தில் 'பெக்கப்' என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி பெக்கப்பே இல்லை.

முதலில் வட்டுகளின் நிலைமை. வட்டவளை, றொசல்ல பக்கம் இருப்பவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அலுமாரிக்குள் வைத்த தோல் செருப்பே வெள்ளை பூத்துவிடும். இறுவட்டும் அப்படித்தான். எழுதக்கூடிய சிடி என்பது ஒரு பிளாஸ்டிக் தகடு, அதன் மேல் மெல்லிய சாயப் படை, அதன் மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படை, கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ். கீழ்ப்பக்கம் கீறினால்தான் பழுது என்று நாம் நினைக்கிறோம். சிடியைப் பொறுத்தவரை பெயர் எழுதும் மேல்பக்கம்தான் பலவீனமான பக்கம், ஏனென்றால் தரவு அதற்குச் சரியாகக் கீழேதான் கிடக்கிறது. ஈரம் விளிம்பால் உள்ளே போனால் உலோகப் படை கறுக்கும். 2001இல் பெலீஸ் நாட்டில் ஒரு சிடியைப் பூஞ்சை தின்றதை ஸ்பெயின் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தபோது உலகம் அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. எங்கள் டின்னைத் திறந்து பார்த்தபோது எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

ஒரு நண்பனின் அக்காவிடம் யூஎஸ்பியில் போடும் டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினோம். மூன்றாவது வட்டிலேயே மாட்டிக்கொண்டது. அந்த வட்டில் மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் ஸ்டிக்கர் உப்பி ஓரம் கிளம்பியிருந்திருக்கிறது. டிரைவுக்குள் சுற்றும்போது எங்கோ பிடித்துக்கொண்டது. பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்களில் ஒருத்தன் (பெயர் வேண்டாம், அவனே இதைப் படிப்பான்) சமையல் கத்தியை எடுத்து இடுக்கில் விட்டான். தட்டு வரவில்லை. வட்டில் ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம்.

பிறகுதான் அந்தச் சின்ன ஓட்டையைக் கவனித்தோம். டிரைவின் முன்பக்கம், பட்டனுக்குப் பக்கத்தில், ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருக்கும். வயரைக் கழற்றி, வட்டு சுற்றுவது நின்றதா என்று பார்த்துவிட்டு, பேப்பர் கிளிப் ஒன்றை நேராக்கி அந்த ஓட்டைக்குள் மெதுவாக அழுத்தினால் பூட்டு விடுபட்டு தட்டு வெளியே வரும். டிரைவ் செய்த கம்பெனிக்காரன் இப்படியொரு நாள் வரும் என்று தெரிந்தே வைத்த ஓட்டை அது. நமக்குத்தான் அவசரம்.

எல்லா 'வெளிய வரமாட்டேங்குது'வும் இப்படி இல்லை. சில நேரம் தட்டு நன்றாகத்தான் இருக்கும், கணினி விடாது. ஏதோ ஒரு மென்பொருள் அந்த வட்டிலிருந்து ஒரு பைலைத் திறந்து வைத்திருக்கும். ஓரத்தில் சின்னதாக்கிவிட்டு மறந்த விஎல்சியாக இருக்கலாம், வைரஸ் தேடும் மென்பொருளாக இருக்கலாம், திறந்து கிடக்கும் போல்டர் ஜன்னலாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு இஜெக்ட் கொடுத்தால் வரும். வராவிட்டால் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் வரும். பொறுமையில்லாமல் வயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை அண்ணனின் பழைய ஹாட்டிஸ்க்கில் நாங்களே பார்த்தோம். அதிலிருந்த ஒரு இமேஜ் பைல் திறந்திருக்கும்போதே பிடுங்கிவிட்டோம். அடுத்த முறை போட்டபோது, இதைப் போர்மட் செய்யவா என்று வின்டோஸ் கேட்டது. அந்த ஜன்னலில் 'ஆம்' என்று அழுத்தாமல் இருந்ததுதான் அந்த வாரம் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். வேறொரு கணினியில் போட்டபோது திறந்தது. திறந்த கையோடு முழுவதையும் கொப்பி எடுத்துக்கொண்டோம்.

இமேஜ் பைல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு வட்டில் உள்ளதை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அப்படியே ஒரே பைலாகப் பிரதி எடுப்பது. வின்டோஸ் 8இலிருந்து ஐஎஸ்ஓ பைலை இரட்டைக் கிளிக் செய்தால் நிஜ வட்டு போட்டதுபோல ஒரு டிரைவாகத் திறந்துகொள்ளும். இதைத்தான் மவுண்ட் என்கிறார்கள். அண்ணனின் ஹாட்டிஸ்க்கில் '2007 காமன்' என்று பெயரிட்ட பைல் ஒன்று இருந்தது. கிளிக் செய்தோம். பழுது என்றது.

பழுதே இல்லை. அது ஐஎஸ்ஓ பைல் அல்ல, நீரோ என்ற மென்பொருள் எழுதிய என்ஆர்ஜி பைல். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் முக்கால்வாசிப் பேர் நீரோவில்தான் எழுதினார்கள். வின்டோஸுக்கு அந்த மொழி தெரியாது. பெயரின் வாலை ஐஎஸ்ஓ என்று மாற்றிப் பார்த்தோம், அதற்கும் ஏமாறவில்லை. என்ஆர்ஜி பைல்களில் பெரும்பாலும் முன்னால் 300 கிலோபைட் அளவுக்கு ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். அதை வெட்டிவிட்டால் மிச்சம் சாதாரண ஐஎஸ்ஓதான். இதைச் செய்வதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. 10 நிமிட வேலை. அந்த 10 நிமிடம் தெரியாததால் எத்தனை பேர் 'பழுதாப் போச்சு' என்று இப்படியான பைல்களை அழித்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

திறக்காத இமேஜுக்கு இன்னும் சில சாதாரண காரணங்கள் உண்டு. பைல் முழுதாக வந்து சேராமல் இருக்கலாம். மூலத்தின் அளவையும் கொப்பியின் அளவையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். பழைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைல் அதில் போகாது. நிறைந்த டிவிடியின் இமேஜ் 4 ஜிபியைத் தாண்டும். ஆகவே பென் டிரைவில் கொண்டுபோகும் வழியிலேயே கதை முடிந்திருக்கலாம். சுருக்கி வைத்த போல்டருக்குள் கிடந்தாலும் வின்டோஸ் மவுண்ட் செய்ய மறுக்கும், வெளியே எடுத்துப் போட்டால் திறக்கும். மவுண்டே ஆகாவிட்டாலும் 7-சிப் மென்பொருளால் ஐஎஸ்ஓவைப் பிரித்து உள்ளே பார்க்கலாம். படம் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை அப்படியே விஎல்சியில் போட்டாலும் ஓடும். விசிடி மட்டும் வேறு கணக்கு. அதன் படத்தடம் வேறு வடிவத்தில் எழுதப்பட்டிருப்பதால் ஐஎஸ்ஓவாக எடுத்தால் சரியாக வராது, பின்-கியூ என்ற சோடிப் பைலாக எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

2009 கூத்துதான் எங்களுக்கு முக்கியம். அந்த வருஷம் ரதி வேஷம் கட்டியவரும் இப்போது இல்லை, பாட்டைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் இல்லை. வட்டைப் போட்டதும், இது வெற்று வட்டு, எப்படிப் பாவிக்கப் போகிறீர்கள் என்று கணினி கேட்டது. இங்கேதான் ஆட்கள் விழுவார்கள். கேமராவோடு வந்த ரெக்கோடரில் எழுதி, கடைசியில் 'பைனலைஸ்' செய்யாமல் விட்ட டிவிடி, கணினிக்கு வெற்று வட்டாகத் தெரியலாம். அதற்குள் எல்லாம் இருக்கும். 'ஓகே' கொடுத்து அதில் எழுதத் தொடங்கினால் உள்ளே இருப்பது ஆபத்தில். ஜன்னலை மூடிவிட்டு வட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுதிய இடமும் எழுதாத இடமும் நிறம் வேறாகத் தெரியும். எங்கள் வட்டில் ஓரம் வரைக்கும் எழுதியிருந்தது.

ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் இப்படி மூடாத வட்டையும் படித்துக்காட்டும். ஆனால் எங்கள் வட்டில் கீறலும் பூஞ்சையும் சேர்ந்திருந்ததால் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளுக்குப் போனோம். அது வேலை செய்யும் விதம் எங்களுக்குப் பிடித்துப்போனது. கொழுந்து எடுக்கிற ஆள் கைக்கு எட்டுவதை முதலில் எடுத்துவிட்டுக் கஷ்டமான செடிக்குத் திரும்பி வருவதுபோல, நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிடும். பழுதான இடங்களை ஒரு குறிப்புப் பைலில் எழுதிக்கொண்டு பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடும், இரண்டையும் அதே குறிப்புப் பைலோடு ஓடவிட்டால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒரு டிவிடியில் 2048 பைட் கொண்ட துண்டுகள் சுமார் 23 இலட்சம். 2 இரவுகள் ஓடியது. நாங்கள் மாறி மாறித் தூங்கினோம். லயத்துக் காம்பராவில் அந்த டிரைவ் கர்ர்... கர்ர்... என்று முனகியதைக் கேட்டு, "என்னடி அது, எலி புகுந்துடுச்சா?" என்று அம்மாச்சி எழுந்து வந்தார்.

கடைசி 11 நிமிடம் வரவில்லை.

வட்டு உள்ளிருந்து வெளியே நோக்கித்தான் எழுதப்படுகிறது. நிகழ்ச்சியின் தொடக்கம் நடுவில், முடிவு ஓரத்தில். கைவிரல் படுவதும் ஈரம் நுழைவதும் ஓரத்தில்தான். கூத்தின் முடிவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி அழுவாள். அந்த அழுகைப் பாட்டுக்காகத்தான் நாங்கள் இந்த வட்டையே தேடினோம். அதைத்தான் பூஞ்சை தின்றிருக்கிறது. 2007 பதிவில் ரதியின் பாட்டு இருக்கிறது, ஆனால் ஆள் வேறு, குரல் வேறு.

இதைப் பற்றிக் கம்பஸில் பேசியபோது ஒரு நண்பர் கேட்டார்: "சம்பளப் பிரச்சினை தீரல, காணி இல்ல, வீடு இல்ல. இதுல சிடி ஒரு பிரச்சினையா?" நியாயமான கேள்விதான், கேட்டவர்மேல் கோபமில்லை. ஆனால் காகிதம் இல்லாததால் நம் சமூகத்துக்கு என்ன நடந்தது என்பதை அவரும் படித்திருக்கிறார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததற்குக் கேட்டது. லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் பதிவு வைத்திருந்தார்கள்? 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோதும் மனிதர்கள் எண்ணிக்கையாகத்தான் இருந்தார்கள். 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கதை இழுத்தது. சம்பளத்துக்குப் போராடுகிறவர்கள் சிடியையும் பார்க்கலாம். ஒன்றை விட்டுத்தான் மற்றது என்று யார் சொன்னது?

2023இல் 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையைப் பல பேர் போனில் எடுத்தார்கள். அந்தப் போன்கள் இப்போது எங்கே? எங்களில் ஒருத்தியின் போன் அடுத்த வருஷமே தண்ணீரில் விழுந்தது. படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால் சுருங்கிய பிரதிகள் மட்டும் மிஞ்சின.

"யூடியூப்ல போட்டா முடிஞ்சுச்சே" என்பது அடுத்த வாதம். எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் சண்டை. யூடியூப் நல்லதுதான், ஊர் முழுக்கப் பார்க்கும். ஆனால் அது மூலத்தைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். கல்யாண வீடியோவில் பின்னால் ஓடும் சினிமாப் பாட்டுக்காகச் சத்தத்தையே எடுத்துவிடும். கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் வெளிநாடு போய்விட்டால் அந்தப் பக்கம் அநாதை. காட்டுவதற்கான இடத்தையும் காப்பதற்கான இடத்தையும் நாம் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம்.

அதோடு யாருடைய வீடியோ அது? 58 வட்டில் பாதிக்கு மேல் கல்யாணமும் சடங்கும். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் கல்யாண வட்டு திறந்தது. இப்போது அந்த வாழ்க்கையில் அவர் இல்லை. கொண்டுபோய்ச் சொன்னபோது, "யாருகிட்டயும் காட்டாதீங்க தங்கச்சி, எங்கிட்டயே குடுத்துடுங்க" என்றார். வட்டையும் கொப்பியையும் அவரிடமே கொடுத்துவிட்டு எங்கள் பிரதியை அழித்தோம். வரலாறு, ஆவணம் என்று பெரிய வார்த்தை சொல்லி அதை வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை கிடையாது. கூத்து ஊர்ப் பொது, வீட்டு விசேஷம் வீட்டுக்காரருடையது. இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள், பிறகு போடுவது கஷ்டம்.

நிறுவனங்கள் மட்டும் பெரிய கெட்டித்தனம் என்றில்லை. 1986இல் பிபிசி ஒரு வேலை செய்தது. 1086இல் எழுதிய டூம்ஸ்டே ஏட்டின் 900ஆவது ஆண்டுக்காக பிரித்தானியா முழுக்கத் தகவல் சேர்த்து லேசர் வட்டில் போட்டார்கள். 20 வருஷம்கூட ஆகவில்லை, அதைப் படிக்கும் இயந்திரங்கள் அருகிப்போய், தனியாக ஆய்வுக்குழு உட்கார்ந்து மீட்க வேண்டியதாயிற்று. 900 வருஷப் பழைய ஏட்டை இன்றைக்கும் கண்ணால் படிக்கலாம். 2025இல் சோனி எழுதக்கூடிய புளூரே வட்டு செய்வதையே நிறுத்திவிட்டது. இருந்தும் நம் பக்கம் இன்னும் புத்தகத்தின் பின் அட்டையில் இறுவட்டு ஒட்டி வெளியிடுகிறார்கள், மேடையில் பொன்னாடை போர்த்தி வட்டை 'வெளியிடுகிறார்கள்'. அடுத்த வருஷம் அந்த வட்டைத் திறக்கச் சொன்னால் ஒருவரிடமும் டிரைவ் இருக்காது.

நல்ல வேலையும் நடக்கிறது. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஏடுகளையும் புத்தகங்களையும் மின்வடிவில் சேர்த்துக்கொண்டிருக்கிறது, மலையக வெளியீடுகளும் அதில் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நாட்டில் அந்த வேலையின் அருமை விளங்கும். கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். ஆனால் கைக்கு வந்ததைத்தான் நூலகம் சேர்க்க முடியும், கிடைத்த பொருளைத்தான் அருங்காட்சியகம் வைக்க முடியும். ஸ்டூடியோ அண்ணன்மாரின் பிஸ்கட் டின்களைத் தேடி அவர்கள் ஒவ்வொரு டிவிஷனாக ஏறி வர முடியாது. அது தோட்டத்துப் பிள்ளைகளின் வேலை. எங்கள் வேலை.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். வட்டைக் கையில் எடுத்ததும் வேறெதுவும் செய்யாமல் முதலில் இமேஜ் எடுக்கிறோம், பார்ப்பதெல்லாம் அந்த இமேஜிலிருந்துதான். ஒவ்வொரு இமேஜுக்கும் ஒரு செக்சம் எண் எடுத்துப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம், அடுத்த வருஷம் அதே எண் வந்தால் பைல் மாறவில்லை என்று அர்த்தம். 3 பிரதிகள். ஒன்று இங்கே ஹாட்டிஸ்க்கில், ஒன்று இணையத்தில், ஒன்று கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் அறையில் இன்னொரு ஹாட்டிஸ்க்கில். ஒரே காம்பராவில் 2 கொப்பி வைத்தால் அது 2 கொப்பி இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயன்கள் அப்படியே போயின. அதற்குள் இருந்த ஒரு அல்பமாவது இன்னொரு ஊரில் இருந்திருக்குமா?

போன மாதம் 2007 கூத்தைப் புரொஜெக்டரில் போட்டோம். தப்பு அடிக்கிற மாமா முன்வரிசையில் இருந்து ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்தப் பெயர்ப் பட்டியல் இப்போது இமேஜுக்குப் பக்கத்தில் ஒரு பைலாக இருக்கிறது. 2009 படத்தையும் போடச் சொன்னார். போட்டோம். படம் பாதியில் உறைந்து நின்றதும், "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் மாமா." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

58இல் 37 முழுதாக வந்தது, 7 பாதி வந்தது, 14 இன்னும் வாய் திறக்கவில்லை. பழைய டெஸ்க்டொப்பில் இருந்த பெரிய டிவிடி டிரைவ் யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் எங்களுக்குக் கொடுங்கள். வேறு வேறு கம்பெனி டிரைவாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வட்டு மாட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. கத்தியால நோண்டாம அப்படியே கொண்டு வாங்க.